அச்சில் அழுத்தாத கூடுகள்

முதல் கூட்டை அளந்தபோது வெர்னியர் அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டேன். அளவு பிசகினால் முதலில் கருவியைப் பார்ப்பேன், அப்புறம் என் கையை, கடைசியில்தான் பொருளைக் குற்றம் சொல்வேன். கோயமுத்தூர் பம்பு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட புத்தி, கடல் தாண்டி இந்த ஆஸ்திரேலிய ஊருக்கு வந்தும் போகவில்லை. தாடைகளை மூடினேன், பூஜ்ஜியம். துடைத்துவிட்டு மூடினேன், பூஜ்ஜியம்தான். கூட்டை மறுபடி வைத்தால் அடியிலிருந்து தோள்வரை இருக்கவேண்டியதைவிட ஒரு தலைமுடிப் பருமன் கூடுதல். கூடு என்று நானும் என் வீட்டுக்காரரும் சொல்வது சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் குப்பியை. குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, அச்சில் அழுத்தி, நீளம் வெட்டி, வாயில் பிசிறு எடுத்து, எடை பார்த்துப் பிரித்தால் மறுபடி நிரப்பலாம். எல்லாக் கூடும் ஒன்றுபோல இருந்தால்தான் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் போய் விழும். நிரப்புவதும் சுடுவதும் அவர் வேலை, கூடு என் வேலை. போன சனிக்கிழமை காய்ச்சலோடு துப்பாக்கி சுடுகிற ரேஞ்சிலிருந்து வந்தவர் பையை இந்த மேசைமேல் வைத்துவிட்டு நேராகப் போய்ப் படுத்துவிட்டார், வாரம் முழுக்க இருமிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார், இன்றைக்குக் காலையில் தேவலையாகி ரேஞ்சுக்கும் கிளம்பிவிட்டார், கூட்டை அச்சில் அழுத்தித் தர மறந்தே போனார். பாவம் மனுஷன், அதையும் நானே செய்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். காரேஜ் கதவைப் பாதி இறக்கி, மின்விசிறியைக் கால் பக்கம் திருப்பி, டீயை ஆறவிட்டு, சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாவது கூடு குறைவாக இருந்தது. மூன்றாவது முதலாவதைப் போல. நான்காவது இரண்டு மாதிரியும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. தோட்டா வெடிக்கிற அந்தக் கணத்தில் பித்தளை உப்பிப் போய்த் துப்பாக்கியின் அறைச் சுவரில் ஒட்டும், அப்புறம் அந்த அறையின் அளவிலேயே நிற்கும். ஒவ்வொரு துப்பாக்கியின் அறைக்கும் ஓர் அளவு. அவருடைய துப்பாக்கியின் அளவு எனக்கு வீட்டு போன் நம்பரைவிட நன்றாகத் தெரியும், கடைசி இலக்கம் ஆடவே ஆடாது. அதற்காகவே அந்தத் துப்பாக்கியில் சுட்ட கூடு ஒன்றைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன், அளவுக்கல் மாதிரி. எடுத்து அளந்தேன். சரியாக நின்றது. அப்படியானால் கருவியும் சரி, என் கையும் சரி. மிச்சம் இருப்பது பொருள்தான், அதைச் சொல்ல வாய் வரவில்லை. தூரத்தில் பழத்தோட்டங்களுக்கு அப்பால் டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொன்று. காற்று இல்லாத சனிக்கிழமைகளில் ரேஞ்சின் சத்தம் இங்கே கேட்கும், கம்பளத்தின்மேல் புத்தகம் விழுகிற மாதிரி. அதில் எது அவர் என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டே பிசிறு எடுப்பேன். நிதானமாக, இடைவெளி விட்டு வருகிறதே, அதுதான் அவர் என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன். அவர் எதையும் நிதானமாகத்தான் செய்வார். இட்லிகூட நிதானமாகத்தான் சாப்பிடுவார். டப். அது அவரா? இப்போது சுட்டது யார்?

இவ்வளவு நாளும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டால் அதற்கும் பதில் இந்த மேசையிலேயே இருக்கிறது, மூலையில் போல்ட்டு போட்டு நிற்கிற பிரஸ். கூட்டை அதில் வைத்துக் கைப்பிடியை இறக்கினால் அச்சு அதன் உப்பலை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அடியிலுள்ள பிரைமர், அந்தப் பொட்டு மாதிரி சின்ன மூடி, அதுவும் கழன்று தட்டில் விழுந்துவிடும். அப்புறம் அந்தக் கூடு எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் பிரஸ்ஸும் என் கையில்தான் இருந்தது. போன வருஷம் குளிருக்கு முன்னால் ஒரு நாள், உனக்குத் தோள் வலிக்கும் புள்ள, அதை நான் பண்ணிக் குடுத்தர்றேன், நீ நுணுக்கமான வேலையை மட்டும் பாரு என்றார். நுணுக்கமான வேலை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைத்தான் இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை வந்ததும் கை கால் கழுவுகிறாரோ இல்லையோ நேரே காரேஜுக்கு வந்து அத்தனையையும் அழுத்திவிட்டுத்தான் காபிக்கு உட்காருவார். வேலையில் என்ன சுத்தம் என்று நினைத்துக்கொள்வேன். மருந்து நிரப்புவதையும் அப்போதுதான் அவருடைய சிநேகிதர் க்ளென்னின் ஷெட்டுக்கு மாற்றினார். உனக்கு அந்த வாசனை தலைவலி குடுக்குதல்ல என்றார். எனக்கு ஒருநாளும் தலைவலித்ததில்லை. ஆனால் ஒருவர் நமக்காகச் சொல்லும்போது இல்லை என்று சொல்ல என்னமோ கூச்சமாக இருக்கிறது, தலை வலித்திருக்கலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

பிரைமர்களைப் பார்க்கலாம். பார்க்காமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் பிரஸ்ஸில் போட்டு அழுத்திவிட்டு, எழுந்து போய்ச் சோறு வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக இருந்துவிடலாம். கைப்பிடியைக்கூடப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே இருக்க, இன்னொரு கை பூதக்கண்ணாடியைத் தேடியது. ரிஜெக்ட் ஆகவேண்டிய பொருளைப் பாஸ் போட்டு அனுப்பச் சொன்னால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது, அதற்காகவே அந்தக் கம்பெனியில் ஃபோர்மேன்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. துப்பாக்கியின் ஊசி பிரைமரில் குத்துகிற இடத்தில் ஒரு குழி விழும். அவருடையது நடுவிலிருந்து கொஞ்சம் இடதாக, ஆழம் குறைவாக, ஓரம் மழுங்கி இருக்கும். நெற்றியில் கோணலாக வைத்த பொட்டு என்று நான்தான் கேலி செய்வேன். அந்தக் கோணல் பொட்டை ஒவ்வொரு கூட்டிலும் தேடினேன். சிலதில் குழி நட்டநடுவில், ஆழமாக. சிலதில் குழியைச் சுற்றி ஒரு வளையம். சிலதில் விளிம்பில் ஏதோ உரசிய தழும்பு. சிலதில் குழி மேலே ஏறி. பழைய டவலை விரித்துப் பிரித்து வைத்தேன், நாலு கும்பல் ஆயிற்று. வெர்னியரில் வைத்தால் ஒவ்வொரு கும்பலுக்குள்ளும் அளவு ஒன்றுபோல் வந்தது. நாலு துப்பாக்கி, நாலு ஆட்கள். கோணல் பொட்டு ஒன்றுகூட இல்லை. மின்விசிறி டவலின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது, நான் அதன்மேல் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தேன்.

முதலில் பொம்பளை என்றுதான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமை ரேஞ்சுக்கு என்று கிளம்பி வேறெங்கோ போய்விட்டு, வருகிற வழியில் யாரிடமோ ஒரு பை வெற்றுக் கூடு வாங்கி வருகிறார் என்று. அந்தப் பொம்பளைக்கு முகம் வைக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் யாரிடமாவது கொஞ்சிப் பேசுவதாக நினைத்துப் பார்க்க முயன்றால் பம்பு செட்டுக்குச் செம்புக்கம்பி காயில் கட்டுவது பற்றி விளக்குவதாகத்தான் வந்தது. சிரிக்கவேண்டிய இடம், சிரிக்கவில்லை. ஏனென்றால் எந்தப் பொம்பளையாக இருந்தாலும் அவள் இந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நடமாடுகிறவள். நான் கேட் தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கங்காரு. வேறு ஒன்றுமில்லை. பொழுது சாய்கிற நேரம், நான்தான் ஓட்டினேன், அது புதரிலிருந்து எழும்பி வந்து முன்கண்ணாடி முழுக்க நிறைந்தது. அவருக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கு மட்டும் மூஞ்சி போயிற்று. இந்த ஊரில் எல்லோருக்கும் நடப்பது, க்ளென் வந்து பார்த்துவிட்டுத் தன் கணக்கில் மூன்று கங்காரு என்றாராம். ஆனால் அதற்கு மறுவாரம் கடைக்குக் கிளம்பினவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கால் சரளைக் கல்லிலிருந்து வரமாட்டேன் என்றது, உள்ளங்கை நனைந்து காது அடைத்துக்கொண்டது. அப்புறம் அதுவே பழகிவிட்டது. டாக்டர் போனில் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை சொன்னார், மெதுவாக என்றார். நான் கட்டிலில் கிடந்தேன். அப்போது ஒருநாள் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்து அதில் ஒரு கூட்டை வைத்தார். எனக்கு இதெல்லாம் வர்றதில்ல அம்சு, உங்கை இல்லாம இது ஆகாது என்றார். உங்கை இல்லாம. நான் எழுந்து உட்கார்ந்தேன், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன், இரண்டு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். இப்போது அது எந்த அளவில் நிற்கிறது என்று அளந்து பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

அப்படியானால் அந்தக் குளிர்காலப் போட்டி? சனிக்கிழமை ராத்திரிகளில் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதெல்லாம்? காற்று எந்தப் பக்கம் அடித்தது, கொடி எப்படி ஆடியது, வெயிலில் குறிப்பலகை கானலாக நெளிந்தது, பேரி என்கிற கிழவர் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார், எல்லாம் சொல்வார். நான் இங்கிருந்தே அந்த ரேஞ்சின் புல்லை நடந்து பார்த்திருக்கிறேன். குளிர்காலப் போட்டியில் எல்லாம் நடுவில் விழுந்து, ஒரே ஒரு வெடி மட்டும் கீழே போய்விட்டது என்றார். அதனால்தான் முதல் இடம் தவறியதாம். தோசையைத் திருப்பிப் போடாமல் நின்றேன். கீழே போனால் வேகம் குறைந்திருக்கிறது, வேகம் குறைந்தால் கழுத்து குண்டை ஒழுங்காகப் பிடிக்கவில்லை, கழுத்து பிடிக்கவில்லையென்றால் அது என் வேலை. அவர், உன்னாலே இல்லை என்று மட்டும் சொன்னார். அதை எப்படிச் சொன்னார் என்றால், என்னால்தான், ஆனால் மன்னித்துவிட்டேன் என்பதுபோல. அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. இருந்த கூடுகள் அத்தனையையும் எடுத்து ஒவ்வொன்றின் கழுத்துச் சுவரையும் சுற்றிச் சுற்றி அளந்தேன், தடிப்பு ஒரு பக்கம் கூடியதைச் சீவினேன், சீவியதில் ஒன்று மெலிந்துபோய் அழுதேன். சின்னப் பித்தளைக் குப்பிக்காக அழுகிறவளை அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நடக்காத போட்டியில், சுடாத குண்டு, கீழே போனதற்காக. எல்லாமே நடுவில் விழுந்தது என்றால் நான் நம்பமாட்டேன் என்று தெரிந்து ஒன்றை மட்டும் கீழே இறக்கியிருக்கிறார். நிதானமான மனுஷன். பொய்யையும் பிசிறு எடுத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டே கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, அதைக் கவனித்தபோது எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. யாரோ ஒருத்தனின் கூட்டில் வாய் விளிம்பைச் சீவிக்கொண்டிருக்கிறேன், உள்பக்கம் மூன்று சுற்று, வெளிப்பக்கம் இரண்டு, விரல் நுனியால் தடவிப் பார்த்து, பிசிறு இல்லை, அடுத்தது. நிறுத்தினேன். நிறுத்தியதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. கொஞ்ச மாதமாகவே எடை சேரவில்லை. பையிலிருப்பதெல்லாம் ஒரே கம்பெனி முத்திரைதான், ஆனாலும் தராசில் சிலது கனம், சிலது லேசு. என்னங்க இது என்றதற்குப் புது லாட் என்றார். சிலதின் கழுத்தை எனக்கு முன்னாலேயே யாரோ சீவியிருந்தார்கள், நானேதான் சீவி மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். என் ஞாபகத்தின்மேல் பழி போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. கேட் தாண்ட முடியாதவளுக்கு எதுவும் மறந்துபோகலாம்தானே. அப்புறம் அந்தத் தூண்டில் முள் கூடு. அடி விளிம்புக்குப் பக்கத்தில் தூண்டில் முள் மாதிரி வளைந்த ஒரு கீறல், என் இடுக்கி நழுவிப் பட்டது. அது ஒரு தரம் போய்த் திரும்பி வந்தது. க்ளென் ஷெட்டில் கிடக்கிற இத்தனை நூறில் நீ எப்படிடா இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தாய் என்று அதைக் கன்னத்தில்கூட வைத்துக்கொண்டேன். கழுத்தில் கரி இல்லை, துடைத்துவிட்டிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி வந்தது என்றால் எங்கிருந்து? பெர்த்தில் இருக்கிற மகளுக்குத் தெரியுமா? அப்பா எப்படிச் சுடறாரும்மா என்று போன வாரம்கூடக் கேட்டாள், குரலில் சிரிப்பு இருந்ததா? டப் என்று தூரத்தில் ஒன்று. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. ரேஞ்சை மூடுகிற நேரம். அலமாரிக்குள் சுவரோடு பதித்த, துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டி, சாவி அவரிடம்தான், சட்டமே அப்படித்தான், அது காலியாகத்தான் நிற்கிறதா? காலியென்றால் சனிக்கிழமைதோறும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறாரே அந்த நீளப் பை, அதற்குள் என்ன? நாலு கும்பலின்மேலும் டவலின் மிச்சப் பாதியை மடித்து மூடினேன். உள்ளே போய் முகம் கழுவினேன். சோறு வைக்கவில்லை.

வண்டி சத்தம் கேட்டதும் எப்போதும் நான் நிற்கிற இடத்திலேயே, காரேஜுக்குள், நிழல் முடிகிற கோட்டில் நின்றேன். அவர் பையை மாட்டிக்கொண்டு, தலையை வலதுபக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு நடந்து வந்தார். கழுத்து வலி என்று இந்தத் திருப்பலுக்குத்தான் நான் மாதக்கணக்காக எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். இன்றைக்குக் காற்று இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தது, பேரி பாதியில் எழுந்து போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தார், இருமல் இன்னும் இருந்தது. மோசமில்லை, ஒன்றே ஒன்று மட்டும் இடதுபக்கம் போய்விட்டதாம். பாவம், இன்றைக்கும் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார். நான் போய் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றினேன். ஒருநாளும் செய்யாத காரியம், அவர் பட்டையை இறுக்கிப் பிடித்தார், அப்புறம் விட்டுவிட்டார். துப்பாக்கியின் கனத்தில் பாதிகூட இல்லை. ஜிப்பை இழுத்தேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, எங்கள் பின்னறை ஜன்னலின் திரைக்கம்பி. போன குளிரில் நான் தேடிய கம்பி. துருப்பிடித்தது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார், அன்றிலிருந்து அந்த ஜன்னலில் ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டே மேசைக்குப் போய் டவலை விலக்கினேன்.

"இதுல உங்க துப்பாக்கி எதுங்க?"

அவர் குனிந்தார். முகத்தைத் திருப்பி, இடது கண்ணைக் கும்பல்களுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தத் திருப்பல் கழுத்து வலி இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கைவேலைக்காரன் தன் பிசகைத் தானே கண்டுபிடித்த மாதிரி மெதுவாக, "அழுத்தாம வெச்சுட்டுப் படுத்துட்டனா," என்றார். மன்னிப்பு இல்லை, பதற்றம் இல்லை, அழுத்தாமல் விட்டதுதான் அவருக்கு முதலில் உறைத்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து மற்றதைச் சொன்னார். வலது கண்ணின் நட்டநடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. குறி பார்த்தால் குறிப்பலகை இருக்கிற இடத்தில் பலகை இருக்காது. போன பார்வை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் குளிருக்கு முன்னாலேயே துப்பாக்கியை வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. இப்போது ரேஞ்சில் அவர் மற்றவர்கள் சுடுவதற்குப் பலகை ஏற்றி இறக்கி, கொடி மாற்றி, கடைசியில் பூட்டிவிட்டு வருகிறார். பொம்பளை இல்லை என்று ஒரு நிம்மதி வரவேண்டும், வரவில்லை. பொம்பளை என்றால் சண்டை போடலாம். கண் போனதைக்கூட எனக்குச் சொல்லவில்லையே, அதற்காக அழ எனக்கு ஒரு நாள் தரவில்லையே என்றேன். நான் உரக்கப் பேசவில்லை.

"மொதல்ல நீ கட்டிலை விட்டே எந்திரிக்காமக் கெடந்தே," என்றார். "கூட்டைக் கையில குடுத்தாத்தான் உக்காந்தே. ரெண்டு வாய் சாப்புட்டே. துப்பாக்கி இல்லீன்னு சொன்னா மறுபடி படுத்துக்குவே. நான் என்ன பண்ணட்டும் புள்ள?"

மருந்தாகக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல்காரக் குழந்தைக்குச் சர்க்கரையில் வைத்துக் கொடுப்பார்களே, அப்படி. நான் அதைத் தொழில் என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தேன். வாரம் முழுக்க முதுகு நோக உட்கார்ந்து, அளவு தவறியதை நானே ரிஜெக்ட் செய்து, இன்ஸ்பெக்டர் அம்சவேணி பாஸ் போட்ட கூடு என்று மனதுக்குள் முத்திரை குத்தி அனுப்பினேன். எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"நான் செஞ்சதெல்லாம் எங்கீங்க?"

அடுத்தவர் தயாரித்த கூட்டை இங்கே எவனும் தன் துப்பாக்கியில் போடமாட்டான், உனக்கே தெரியும் என்று ஆரம்பித்தார். தெரியும். எங்கே என்றுதான் கேட்டேன் என்றேன். அதற்கப்புறம்தான் சொன்னார். ரேஞ்சில் பழைய பித்தளை போடுகிற டிரம் ஒன்று இருக்கிறது, சுட்டுவிட்டு வேண்டாமென்பதை அதில் போடுவார்கள், நிறைந்ததும் உருக்குகிறவன் வந்து எடுத்துப்போவான். சனிக்கிழமை காலையில் அங்கே போனதும் என்னுடையதை அந்த டிரம்மில் கொட்டுவார். வரும்போது மேலாகக் கிடப்பதில் ஒரே முத்திரையாகப் பார்த்து ஒரு பை அள்ளிக்கொண்டு வருவார். அவ்வளவுதான். தூண்டில் முள் கூடு எங்கே போய்த் திரும்பி வந்தது என்று அப்போது தெரிந்தது. அது எங்கும் போகவில்லை. என் கையிலிருந்து டிரம்முக்கும் டிரம்மிலிருந்து என் கைக்கும் வந்திருக்கிறது, வேறு என்னென்ன அப்படி வந்ததோ, ஒரே கூட்டை எத்தனை தரம் தடவித் தடவிப் பார்த்தேனோ.

"டிரம்மு நெறஞ்சிருச்சுங்களா?"

"முக்காவாசி," என்றார். பிறகு, "திங்கக்கெழம வர்றேன்னான்," என்றார்.

திங்கட்கிழமை. மேலே கிடப்பதெல்லாம் கறுத்துப்போன யாரோ யாருடையதோ, அதற்குக் கீழே அடிவரைக்கும் என்னுடையது, வாய் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பளபளக்க. இருட்டுக்குள் ஒன்றுக்கு ஒன்று இம்மி வித்தியாசம் இல்லாமல். திரைக்கம்பியை மேசையில் வைத்தேன். மூலையில் கிடந்த காலி வாளி இரண்டையும் எடுத்தேன். செருப்பைத் தேடினேன், வெளிச்செருப்பு, அது அலமாரிக்கு அடியில் தூசியோடு கிடந்தது, வார் காய்ந்து விறைத்திருந்தது. அவர் எழுந்தார், அம்சு என்றார், இன்னிக்கு வேண்டாம், நான் போய் எடுத்துட்டு வர்றேன் என்றார். நான் நிழல் முடிகிற கோட்டைத் தாண்டினேன். உடனே அது வந்தது, உள்ளங்கை நனைந்து, காது அடைத்து, சரளைக் கல் ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரிந்து. வண்டி கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாக நின்றது, அவர் இன்றைக்கு ஏன் உள்ளே விடவில்லை என்று திட்டிக்கொண்டே நடந்தேன். கேட்டுக் கம்பி சுட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கால் வரமாட்டேன் என்றது, இந்தக் காலுக்காகத்தானே இவ்வளவும் என்று தோன்றியதும் அதன்மேலேயே ஆத்திரம் வந்தது. வாளி கைப்பிடி விரலை அறுத்தது. எப்போது தாண்டினேன் என்று தெரியவில்லை, வண்டியின் கதவு கையில் இருந்தது.

அவர் ஓடிவந்து முன்கதவைத் திறந்து பிடித்தார். அவர் முகத்தில் சந்தோஷம், இரண்டு வருஷமாகக் காத்திருந்த சந்தோஷம், அதை அடக்க அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பின்கதவைத் திறந்து, வாளிகளை உள்ளே தள்ளி, அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாடகைக் காரில் ஏறியவளைப்போல் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவர் முன்கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதை மெதுவாக மூடிவிட்டு, சுற்றி வந்து உட்கார்ந்து, வண்டியை எடுத்தார். புதர்கள் இரண்டு பக்கமும் நகரத் தொடங்கின, நான் வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் அவருடைய இடது கண் என்னைத் தேடித் தேடி வந்தது.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.